மாசம் மூணு வண்டி

எங்கப்பா ராஜாங்கம் வெட்டிச் சாய்த்த புளியமரம்தான் எங்கள் கரும்பு வண்டியை மறித்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவர் வந்து உட்கார்ந்துகொண்டு, மரம் காற்றில் விழுந்தது என்று ஆரம்பிப்பார்.

எண்பத்தேழாம் வருஷம், செப்டம்பர் மாதம். படிப்பிலும் வேலையிலும் எங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று ஒரு வாரச் சாலை மறியல். எந்த ரோட்டைப் பார்த்தாலும் மரம் கிடந்தது. சில ஊர்களில் அந்த வாரம் உயிர்கள் போயின. அதைச் சொல்லாமல் அந்த வாரத்தைப் பற்றிப் பேசக்கூடாது. எங்கள் ஊர் மரத்தடியில் நடந்தது வேறு. அதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்புதான் வருகிறது, நான் என்ன செய்ய.

என் பெயர் செந்தமிழ்ச்செல்வி. அப்போது பிளஸ் டூ முடித்திருந்தேன். கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. இரண்டு வருஷப் படிப்பு. சனிக்கிழமைக்குள் முதல் தவணை கட்டாவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். அப்பா கட்டுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்கு ரூபாயில் கணக்கு ஓடாது. கரும்பு வண்டியில்தான் ஓடும். டயர் போட்ட ஒரு மாட்டுவண்டி நிறையக் கரும்பை ஆலையில் எடை போட்டால் என்ன வருமோ அதுதான் ஒரு வண்டி. அம்மாவின் கம்மல் இரண்டு வண்டி. கிணற்று மோட்டார் பத்து வண்டி. என் படிப்பை ஃபீஸ், ஹாஸ்டல் சாப்பாடு, யூனிஃபார்ம் சேலை, சார்ட் பேப்பர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கூட்டி, பதினைந்து வண்டி என்று முடிவு கட்டினார். அதன் பிறகு சாப்பிடும்போதும் பதினைந்து வண்டி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் பதினைந்து வண்டி. நான் குறுக்கே நடந்தால் என்னைப் பார்க்கமாட்டார். பதினைந்து வண்டி நடந்து போவதைப் பார்ப்பார்.

கடைசியில் ஒரு வழிக்கு வந்தார். செவ்வாய்க்கிழமை கரும்பைக் கொண்டுவரச் சொல்லி ஆலையிலிருந்து வெட்டு ஆர்டர் வந்திருந்தது. அந்த ஒரு வண்டி ஆலைக்குப் போய்ச் சேரட்டும், எடைச் சீட்டைக் காட்டினால் கடைத்தெருவில் கமிஷன் பிடித்துக்கொண்டு கையோடு பணம் கொடுப்பார்கள், அதை வைத்து முதல் தவணை கட்டலாம், மீதிப் பதினாலைப் பிறகு யோசிக்கலாம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. திங்கட்கிழமை கரும்பு வெட்டும்போது ஒவ்வொரு கட்டையும் நானே தூக்கி வண்டியில் ஏற்றினேன். என் படிப்பை நானே தூக்கி ஏற்றுகிற மாதிரி இருந்தது.

செவ்வாய் விடிகாலையில் ஊர்க்காரர்கள் வந்து அப்பாவைக் கூப்பிட்டார்கள். மரம் வெட்டுவதில் எங்கள் பக்கத்தில் அவரை அடிக்க ஆளில்லை. கோடாலியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு மரம் சாய்த்துவிட்டு வந்து வண்டியைப் பூட்டுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். மறியலும் தெரியும், வண்டி போக வேண்டும் என்பதும் தெரியும். இரண்டும் ஒரே ரோடு என்பது மட்டும் அவர் புத்தியில் ஏறவில்லை. வளைவில் இரண்டு பக்கமும் வாய்க்கால் இருக்கிற இடமாகப் பார்த்து, சுற்றிக்கொண்டு போகவே முடியாத இடமாகப் பார்த்து, இருப்பதிலேயே பெரிய மரமாகப் பார்த்துச் சாய்த்தார். வேலை என்று எடுத்துக்கொண்டால் அவர் அரைகுறையாகச் செய்ய மாட்டார்.

வெயில் ஏறியும் ஆள் வரவில்லை. அம்மா கொளஞ்சியம்மாள் பொறுத்துப் பார்த்தாள். வெட்டின கரும்பு நேரமாக ஆகக் காய்ந்து எடை குறையும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே வண்டியைப் பூட்டினாள். நான் கரும்புக் கட்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்தேன்.

வளைவில் போய் நின்றோம். எங்களுக்கு முன்னால் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற டவுன் பஸ், அதற்கு முன்னால் லாரிகள், எல்லாவற்றுக்கும் முன்னால் மரம். மரத்துக்கு அந்தப் பக்கம் ஊர்க்காரர்கள் ரோட்டில் உட்கார்ந்து கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் அப்பா. திரும்பிவிடலாம் என்றால் எங்களுக்குப் பின்னாலும் ஒரு மரம் விழுந்துவிட்டது என்று செய்தி வந்தது. அப்பா எங்கள் மாடுகளைத்தான் முதலில் அடையாளம் கண்டார். பிறகு வண்டியை. பிறகு அம்மாவை. அவர் கோஷம் பாதியில் நின்றது.

அம்மா மரத்தடிக்குப் போய் நின்று நிதானமாகக் கேட்டாள்.

"மரத்த வெட்டுனீங்க, செரி. நம்ம வண்டி தாண்டனப்புறம் வெட்டக் கூடாதா?"

அங்கே இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அப்பா துண்டை உதறி மறுபடி தோளில் போட்டார், வானத்தைப் பார்த்தார், பிறகு முன்னைவிடச் சத்தமாகக் கோஷம் போட ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. வயிற்றெரிச்சல்தான் வந்தது. வெயிலில் என் முதல் தவணை காய்ந்துகொண்டிருந்தது.

மதியம் நெருங்கப் பசி ஆரம்பித்தது. பக்கத்தில் டீக்கடை கூட இல்லை. ஒரு லாரி டிரைவர் நடந்து வந்து, தன் மாமனார் தோட்டத்தில் உருவுகிற மாதிரி எங்கள் வண்டியிலிருந்து ஒரு கரும்பை உருவிக் கடிக்கப் போனார். நான் மேலிருந்து குதித்தேன்.

"அண்ணே, அது கரும்பு இல்ல. என் ஃபீஸு. கீழ வையுங்க."

அவர் கரும்பையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். சட்டைப் பையில் கைவிட்டு ஒரு ரூபாயை எடுத்து நீட்டினார். கோபத்தில் வாங்கிக்கொண்டேன். திரும்பினால் பின்னால் ஏழெட்டுப் பேர் காசோடு நிற்கிறார்கள்.

அப்படித்தான் வியாபாரம் ஆரம்பித்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஒரு அக்கா என் அருகில் நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, முழுசாக விற்காதே, பாதியாக உடைத்துப் பாதி எட்டணா என்று விற்றால் வாங்குகிறவனுக்கு மலிவாகத் தெரியும் என்றார். சொல்லிவிட்டு நிற்கவுமில்லை. கரும்பை முழங்காலில் வைத்து அவரே உடைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். அவர் பெயர் ரஜியா. கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் அவர் வீட்டுக்காரருக்கு வளையல் கடை. தன் அம்மா வீட்டுக்குப் போகக் கிளம்பி எங்களோடு மாட்டிக்கொண்டிருந்தார்.

மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்பா, நம்ம பசங்களுக்கு இரண்டு கட்டு தூக்கிப் போடு என்று பெரிய மனிதராகக் குரல் கொடுத்தார். பாதி எட்டணா என்றேன். போராடுகிறவர்களிடமா காசு கேட்கிறாய் என்றார். வெட்டினவரிடம் கேட்கிறேன் என்றேன். அவர் பக்கத்தில் இருந்தவர்களே கைதட்டினார்கள். பீடிக்கு வைத்திருந்த காசை அவர் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதை வாங்கினபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதி மாளாது.

என்ன ஃபீஸ் என்று ரஜியாக்கா கேட்டார். டீச்சர் டிரெயினிங் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரும்பு நழுவிக் கீழே விழுந்தது. தானும் அதைத்தான் படித்ததாகச் சொன்னார். பஸ்ஸின் ஜன்னலோரம் குடையும் மண்ணெண்ணெய் டின்னுமாக உட்கார்ந்திருந்த ஒருவரைக் காட்டி, அவர்கூட வாத்தியார்தான், கல்வராயன் மலையில் கரியாலூர் பக்கத்துப் பள்ளிக்கூடம், பெயர் வெங்கடேசன் என்று பஸ்ஸில் பேசித் தெரிந்துகொண்டதையும் சொன்னார்.

இது அப்பாவின் காதில் விழுந்தது. அவர் கோஷத்தை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு மரத்தின் மேல் ஏறி நின்றார். வாத்தியாரை இறங்கி வரச் சொன்னார். மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு, யாரும் யாரிடமும் கேட்கக்கூடாத கேள்வியை நூறு பேருக்கு நடுவில் கேட்டார்.

"சாரு, மாசம் இன்னா வருதுங்க?"

வெங்கடேசன் சார் நெளிந்தார். மலையில் அட்டை கடிக்கும், மழை வந்தால் பஸ் நின்றுவிடும், எட்டு மைல் நடக்கணும் என்று சுற்றி வளைத்தார். அப்பா விடவில்லை. கடைசியில், வாயில் கரும்பை வைத்துக்கொண்டே, ஆயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி, மலைப்படி தனி என்றார்.

அப்பா கண்ணை மூடினார். ரூபாய் வண்டியாக மாறுவது அவர் நெற்றியில் தெரிந்தது. கண்ணைத் திறந்ததும் கோஷம் போடுகிற குரலிலேயே அறிவித்தார்.

"மாசம் மூணு வண்டி."

களை எடுக்க வேண்டாம், தண்ணீர் கட்ட வேண்டாம், எலி கடிக்காது, பன்றி நுழையாது, ஆலைக்காரன் ஆர்டருக்குக் காத்திருக்க வேண்டாம் என்று அப்பா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அங்கே இருந்த குடியானவர்கள் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்கள். மழை பெய்தாலும் மூன்று வண்டி, பெய்யாவிட்டாலும் மூன்று வண்டி. அஞ்சே மாதத்தில் பதினைந்து வண்டியும் திரும்பிவிடும். அதற்கு மேல் வருவதெல்லாம் லாபம். வெங்கடேசன் சாரை ஊர்க்காரர்கள் புதிதாகப் பார்த்தார்கள். ஒருவர் தன் துண்டை விரித்து அதில் உட்காரச் சொன்னார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அன்று நான் சும்மா கொடுத்த ஒரே கரும்பு வாத்தியாருக்குக் கொடுத்ததுதான்.

அப்போது ரஜியாக்கா, கொஞ்சம் பொறுங்க அண்ணே என்றார்.

அவர் படிப்பை முடித்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. கடலூர் எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்து வைத்துவிட்டு ஏழு வருஷமாக வேலைக்குக் கூப்பிடும் கார்டுக்குக் காத்திருந்தார். அவருக்கு முன்னால் பதிந்தவர்களுக்கே இன்னும் வரவில்லை. புதுப்பிக்க, விசாரிக்க, ஆளைப் பார்க்க என்று கடலூருக்குப் போய்வந்த பஸ் சார்ஜே ஒரு வண்டி ஆகும் என்றார். எங்கள் கணக்கை அதற்குள் அவரும் பிடித்துக்கொண்டார். மலைக்குப் போகிறேன் என்றால் சீக்கிரம் கிடைக்காதா என்று நான் கேட்டேன். மலைக்கு யாரும் வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை, ஆனால் வரிசை ஒன்றுதான் என்று வெங்கடேசன் சார் கையை விரித்தார்.

பஸ் கண்டக்டர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். பயணிகள் கணக்கு எழுதும் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினார். இரண்டு வருஷம் படிப்பு, எப்படியும் பத்து வருஷம் காத்திருப்பு, பதினைந்து வண்டியைப் பத்து வருஷம் நிலத்தில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருவர் சொல்ல, கல்யாணத்தில் டீச்சர் பெண் என்றால் நகை கம்மியாகக் கேட்பார்கள், அதைக் கழிக்க வேண்டும் என்று இன்னொருவர் சொல்ல, நகை கம்மியாகக் கேட்பவன் சம்பளத்தைக் கேட்பான் என்று அம்மா சொன்னாள். லாரிக்காரர்கள் ஒரு கட்சி, பஸ்காரர்கள் ஒரு கட்சி. அந்தப் பக்கத்தில் கோஷம் போட ஆளில்லை. எல்லாரும் மரத்தின் மேல் வரிசையாக உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டே என் வாழ்க்கையைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்கள். என் படிப்பைப் பற்றி அத்தனை பேர் அத்தனை அக்கறையாகப் பேசியது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

ஊர்க்காரர் ஒருவர், நம்ம பங்கு தனியாக வந்துவிட்டால் நம்ம பிள்ளைகளுக்கு வரிசை சுருங்கிவிடும், அதற்குத்தானே உட்கார்ந்திருக்கிறோம் என்றார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். ரஜியாக்கா கரும்பை உடைத்தபடியே கேட்டார்.

"உங்க வரிச சுருங்குனா என் வரிச நீளுமா, சுருங்குமா அண்ணே?"

அப்பா நல்ல கரும்பாகப் பார்த்து ஒன்றை உருவி அவரிடம் நீட்டினார். அதற்கும் அக்கா காசு கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

கொஞ்சம் கூட்டம் குறைந்தபோது அவரிடம் மெதுவாகக் கேட்டேன், அப்படியென்றால் படித்தது நஷ்டம்தானா என்று. என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

"நஷ்டம்தான் செல்வி. இன்னா பொய் சொல்லச் சொல்ற. ஆனா அந்த ரெண்டு வருஷந்தான் தெனமும் காலைல என் பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க. இப்ப நான் வளையக்கடை பாயி வூட்டம்மா. திரும்பவும் சேரச் சொன்னா நாளைக்கே போய்ச் சேருவேன்."

பொழுது சாயும்போது அம்மா மடியிலிருந்த காசை எண்ணினாள். வண்டியில் பாதிக் கரும்பு அப்படியே இருந்தது. விற்ற பாதியில் ஒரு வண்டிப் பணத்துக்கு மேலேயே வந்திருந்தது. அம்மாவுக்கு நம்பிக்கை வராமல் கண்டக்டரிடம் கொடுத்து இன்னொரு தரம் எண்ணச் சொன்னாள். அதே தொகைதான். நான் குதித்தேன். ரஜியாக்காவைப் பிடித்துச் சுற்றினேன். முதல் தவணை என் கையில், ஆலையும் வேண்டாம், சீட்டும் வேண்டாம், கமிஷனும் வேண்டாம்.

அப்பா மரத்தைத் தாண்டி இந்தப் பக்கம் ஓடி வந்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. ஒரே நாளில் அரை வண்டியை ஒரு வண்டியாக்கிவிட்டாய், உனக்கு எதற்கடி வாத்தியார் வேலை என்றார். பத்து வருஷம் எவன் காத்திருப்பது. நாளைக்கே ஒரு கரும்பு ஜூஸ் மெஷின் பார்க்கலாம், மறியல் முடிந்ததும் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் போட்டு உன்னை உட்கார வைத்துவிட்டால் மாசம் நாலு வண்டி நிச்சயம் என்றார். கண்டக்டர் சீட்டைத் திருப்பிப் பார்த்து, அஞ்சு கூட வரும் என்றார். லாரிக்காரர்களும் பஸ்காரர்களும் அன்று முதல்முறையாக ஒரே கட்சியானார்கள். மெஷினுக்கு என்ன பெயர் வைப்பது என்பது வரைக்கும் பேச்சுப் போய்விட்டது. செந்தமிழ்ச்செல்வி ஜூஸ் ஸ்டால்.

மதியத்திலிருந்து தொண்டை கட்டக் கத்திக் கத்தி, கை கிழியக் கரும்பை உடைத்து, என் படிப்புக்கு நானே குழி வெட்டியிருந்தேன். இத்தனை கெட்டிக்காரியாக இருந்திருக்க வேண்டாம் என்று என்மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபம் திரும்பி அப்பாமேல் போயிற்று.

"யப்பா. காலைலேந்து ரோட்ல குந்திக்கினு இன்னா கேட்டுக்கினு இருந்த?"

அப்பா சிரித்துக்கொண்டே, எடம்தான் என்றார்.

"குடுத்துட்டாங்கன்னா அந்த எடத்துல யாரக் குந்த வைப்ப? ஜூஸ் மெஷினையா?"

கூட்டம் ஓவென்று சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த ஊர்க்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் சிரிப்பும் ஒவ்வொன்றாக அடங்கியது. அவர்கள் வீடுகளிலும் பெண் பிள்ளைகள் இருந்தார்கள். அப்பா போய் மாட்டைத் தடவிக் கொடுத்துக்கொண்டு நின்றார். அம்மா காசு முடிச்சை என் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, மாடுகளை ஓட்டிக்கொண்டு இருட்டில் வீட்டுக்கு நடந்தோம். மறுநாள் காலையில் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, கெளம்பு என்றார். பஸ் இல்லை, சைக்கிளும் போகாது. கள்ளக்குறிச்சிக்கு நடந்தோம். வழியெல்லாம் மரம். முதல் மரத்தில் அப்பா ஏறி நின்று எனக்குக் கை கொடுத்தார். நாங்கள் மேலே நிற்கும்போது பக்கத்து ஊர்க்காரர்கள் மடக்கினார்கள். அவர்களில் அப்பாவைத் தெரிந்த ஒருவர், எல்லாரும் மறியலில் உட்கார்ந்திருக்கும்போது சொக்காய் போட்டுக்கொண்டு எங்கே கிளம்பிவிட்டாய் என்று முறைத்தார்.

அப்பா என் கையை விடவில்லை.

"எம் பொண்ணுக்கு எடம் கெடச்சிருக்குது மச்சான். காச கட்டிட்டு வந்து குந்துறேன்."

அவர்கள் எழுந்து வழி விட்டார்கள்.